விருத்தாசலம் தாண்டினா ஏன் ஜனமே இல்லாத மாதிரி தெரியுது? வேப்பூர், திட்டக்குடி பக்கம் பத்தி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: பாண்டிச்சேரியிலேர்ந்து கடலூர், விருத்தாசலம், வேப்பூர் வழியா சேலம் பஸ்ல போனேன், விருத்தாசலம் தாண்டினதும் ரொம்ப தூரத்துக்கு வீடே கண்ணுல படல, ஆனா கடலூர் மாவட்டத்துல சதுர கிலோமீட்டருக்கு 700 பேர்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, அந்த 700 பேரும் எங்க இருக்காங்க, அந்த நிலம்லாம் சும்மாதான் கெடக்குதா, வாங்கிப் போட்டா என்னன்னு கேட்டிருக்கீங்க. நான் விருத்தாசலத்துக்கு மேக்கால பக்கம் பொறந்து வளந்தவன், பள்ளிக்கூட வாத்தியார், 2011 மக்கள்தொகை கணக்கெடுப்புக்கு வீடு வீடா போனவன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல அந்த 700 என்னன்னு பாத்துடலாம். 2011 கணக்குப்படி கடலூர் மாவட்டத்துல 26,05,914 பேர், பரப்பு 3,678 சதுர கிலோமீட்டர், வகுத்தா சுமாரா 700 வரும். தமிழ்நாட்டு சராசரி 555, அதை விட இது அதிகம். நீங்க வர்ற புதுச்சேரியில அதே கணக்குல 2,547. பாகூர், நெட்டப்பாக்கம் மாதிரி கிராமப்புறத்துல கூட ஒரு ஊர் முடிஞ்சு அடுத்த ஊர் வர்றதுக்குள்ள நாலு கடை வந்துடும், அந்தக் கண்ணோட பாத்தா எங்க பக்கம் காலியாத்தான் தெரியும். ஆனா அது மட்டும் காரணம் இல்ல, நெஜமாவே எங்க பக்கம் ஜனம் கம்மிதான். மாவட்ட சராசரிங்கறது கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் எல்லாத்தையும் எங்க மேக்கால பக்கத்து மங்களூர், நல்லூர் ஒன்றியத்தோட சேத்துக் கலந்து வர்ற நம்பர், அதை வச்சு எந்த ஒரு ஊரையும் புரிஞ்சிக்க முடியாது.

ஏன் கெழக்கால அவ்வளவு ஜனம், மேக்கால இவ்வளவு கம்மின்னா, என்னைக் கேட்டா பதில் தரைக்கு அடியில இருக்கு. விருத்தாசலத்துக்குக் கெழக்க நெய்வேலி, குறிஞ்சிப்பாடி, கடலூர் வரைக்கும் அடியில இருக்கிறது மணற்பாறை, கடலூர் மணற்பாறைன்னே பேரு, அது தண்ணிய உறிஞ்சி வச்சுக்கும். நெய்வேலி சுத்துவட்டாரத்துல ஒரு காலத்துல போர் போட்டா மோட்டாரே இல்லாம தண்ணி தானா பொங்கி வழியும், நிலக்கரி இருக்குன்னு கண்டுபிடிச்சதே 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல அந்த மாதிரி கெணறு தோண்டும்போது கறுப்பா ஏதோ வந்ததாலதான். இன்னைக்கும் சுரங்கத்துக்கு அடியில இருக்கிற தண்ணி அழுத்தத்துல மேல பீச்சிடக் கூடாதுன்னு ராப்பகலா மோட்டார் வச்சு எறச்சிக்கிட்டே இருக்காங்க. அவ்வளவு தண்ணி. அங்கேர்ந்து வேப்பூர் பக்கம் வந்தீங்கன்னா அடியில கெட்டிப் பாறை. பாறையில வெடிப்பு இருந்தா தண்ணி, இல்லன்னா வெறும் புழுதிதான் வரும். பக்கத்து கொல்லியில (எங்க பக்கம் வயக்காட்ட கொல்லின்னுதான் சொல்லுவோம்) தண்ணி பாத்துருப்பாங்க, நம்ம கொல்லியில ரெண்டு மடங்கு ஆழம் போட்டும் பொய்ச்சுப் போயிடும். இதுக்கு நடுவுல விருத்தாசலம், திட்டக்குடி பக்கம் கரிசல் கலந்த மண்ணு, மழை பெஞ்சா கால வைக்க முடியாது, காஞ்சா கை நுழையற அளவுக்கு வெடிக்கும்.

தண்ணி நிச்சயமா இருக்கிற எடத்துல ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வச்சுக்கிட்டு ஒரு குடும்பம் பொழச்சிடும், நெல்லு, கரும்பு, வாழை, கத்திரின்னு வருஷம் பூரா ஏதாவது ஒண்ணு ஓடும், கூலி ஆளுக்கும் வருஷம் பூரா வேலை. அதனால அங்க ஜனம் நெருங்கி ஒக்காந்துடும். மானாவாரியில அஞ்சு ஏக்கர் இருந்தாலும் ஒரு போகம்தான், ஐப்பசி மழைய நம்பி விதைச்சு தை மாசியோட முடிஞ்சிடும். முன்னாடி கம்பு, வரகு, மல்லாட்ட (நிலக்கடலை), எள்ளு, இப்ப பெரும்பாலும் மக்காச்சோளமும் பருத்தியும். அந்த மக்காச்சோளத்தையும் 2018ல படைப்புழு வந்து குருத்துல பூந்து தின்னுட்டுப் போச்சு. ஒரே அளவு நிலம் இங்க தாங்குற குடும்பம் கம்மி, அடர்த்தி கம்மிங்கறதுக்கு அடிப்படையான அர்த்தம் இதுதான், ஜனம் வேணாம்னு விட்ட நிலம் இல்ல இது.

அப்ப ஆறு இல்லையான்னு கேப்பீங்க. வெள்ளாறு இருக்கு, மணிமுக்தாறு இருக்கு. கல்வராயன் மலையிலேர்ந்து வர்ற வசிஷ்ட நதியும் கொல்லிமலைப் பக்கம் உருவாகுற சுவேத நதியும் ஒண்ணா சேந்துதான் வெள்ளாறு, ஆனா மலையில மழை பெஞ்சாத்தான் தண்ணி, மத்த நாள்ல மணல்தான். அந்த வெள்ளாத்து தண்ணிய தொழுதூர்ல மறிச்சு வாய்க்கால் வழியா கொண்டாந்து தேக்குறதுக்குத்தான் வெள்ளைக்காரங்க காலத்துல, 1913ல ஆரம்பிச்சு 1923 வரைக்கும், கீழ்ச்செருவாய்ல வெலிங்டன் ஏரிய கட்டுனாங்க. முழுசா ரொம்புனா 29.72 அடி, இருபதாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம். திட்டக்குடி பக்கம் பஸ்ல போகும்போது திடீர்னு பச்சையா நெல்லு வயல், தெருத் தெருவா வீடு, டீக்கடைன்னு வந்தா அது வெலிங்டன் பாசனம்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லிடலாம், அந்த வாய்க்கால் முடிஞ்சு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனா மறுபடியும் சோளக்கொல்லிதான். ஒரே தாலுகாவுக்குள்ளயே ஜனம் எங்க ஒக்காரும்ங்கறதுக்கு இதை விட தெளிவான எடம் கிடையாது. அந்த ஏரிக்கரை கெட்டியில்லாத களிமண்ணு மேல நிக்குது, அடிக்கடி உள்வாங்கும், ரிப்பேர் பண்றதுக்குன்னு தண்ணிய முழுசா தேக்காம விட்ட வருஷம் நெறைய. அந்த வருஷங்கள்ல பாசனக்காரன் பொழப்பும் மானாவாரிக்காரன் பொழப்பும் ஒண்ணாயிடும்.

சரி, ஜனம் கம்மின்னே வச்சுக்குவோம், ஆனா நீங்க சொல்ற மாதிரி பஸ்ல போறவங்களுக்கு வீடே தெரியாம போறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அது ஊர் அமைஞ்சிருக்கிற விதம். கடலோரத்துலயும் டெல்டா பக்கமும் ரோடு ஓரமா, வாய்க்கால் கரை ஓரமா நீளமா வீடு போய்க்கிட்டே இருக்கும். எங்க பக்கம் அப்படி இல்ல, ஏரி எங்க இருக்கோ அங்கதான் ஊரு. ஏரிக்கரை, கரை மேல பனைமரம், அய்யனார் கோயில், அதுக்கு கீழ ஊரு, எல்லா வீடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நத்தத்துக்குள்ளயே (வீடு கட்டிக் குடியிருக்கன்னு விட்ட நிலம்) இருக்கும், தலித் மக்கள் குடியிருப்பு மட்டும் ஊரை விட்டுத் தள்ளி தனியா ஒரு நத்தத்துல. ஊரைச் சுத்தி நாலு பக்கமும் கொல்லி. கொல்லியில மோட்டார் கொட்டாய் இருக்கும், ஆட்டுப் பட்டி இருக்கும், குடியிருக்கிற வீடு கம்மி. பெரிய ரோடு பெரும்பாலும் ஊருக்குள்ள போகாது, கூட்ரோட்டுல எறங்கி உள்ள நடக்கணும். அதனால நீங்க பஸ்ல பாத்தது ஊர் இல்ல, ஊருக்கு நடுவுல இருக்கிற கொல்லிவெளி. காலையில எட்டு மணிக்கு அந்தக் கூட்ரோட்டுல நின்னு பாருங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்க, காலேஜ் போறவங்க, கட்டட வேலைக்கு விருத்தாசலம் போறவங்கன்னு எங்கேர்ந்து இவ்வளவு ஜனம் வந்துச்சுன்னு இருக்கும்.

இதுல எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கிற விஷயம் ஒண்ணு சொல்லணும். சுத்தி அவ்வளவு வெட்டவெளி கெடக்கு, ஆனா நத்தத்துக்குள்ள போனா ஒரே வீட்டுல அண்ணன் தம்பி மூணு குடும்பம், நடுவுல ஒரு தடுப்பு, கக்கூஸ் கட்ட எடம் இல்ல, ஒரு சாவுன்னா பந்தல் போட எடம் இல்ல. நிலம் இல்லாத குடும்பத்துக்கு நத்தம் மட்டும்தான் எடம், அது தாத்தா காலத்து அளவு, பேரன் காலத்துலயும் அதேதான். இந்த மாவட்டத்துல பட்டியல் சாதி மக்கள் 29 சதவீதத்துக்கு மேல, மாநிலத்துல அது 20, அதுல பெரும்பங்கு நிலம் இல்லாத கூலிக் குடும்பம், நெருக்கடி மொதல்ல அவங்க நத்தத்துலதான் தெரியும். சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர்னு ஒரு நம்பர் போட்டா அதுல இந்த நெருக்கடி தெரியவே தெரியாது. ஏரியா காலி, ஊர் நெரிசல், ரெண்டும் ஒரே எடத்துல ஒரே நேரத்துல உண்மை.

அடுத்தது கணக்கெடுப்பு. 2011ல பிப்ரவரி 9லேர்ந்து 28 வரைக்கும் எடுத்தோம், மார்ச் 1 பொறக்குற நடுராத்திரி யாரு எங்க இருக்காங்கங்கறதுதான் கணக்கு. விதி என்னன்னா, ஒருத்தர் வழக்கமா அந்த வீட்டுல இருக்கிறவர்தான், ஆனா அந்த இருபது நாளும் வெளியூர்லயே இருந்துட்டார்னா அவரை அந்த வீட்டுல சேக்கக் கூடாது, எங்க இருக்காரோ அங்க சேக்கணும். இப்ப யோசிச்சுப் பாருங்க, தை மாசம் அறுவடை முடிஞ்சிடும், பொங்கலுக்கு வந்தவங்க எல்லாம் திருப்பூர், கேரளா, சென்னை, பெங்களூர்னு கெளம்பிடுவாங்க, நாங்க நோட்டு எடுத்துக்கிட்டுப் போறது சரியா அதுக்கப்புறம். கதவு சாத்தியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரம்மா திண்ணையில ஒக்காந்து எள்ளு பொடச்சிக்கிட்டே சொல்லுவாங்க, "அவுங்க பொங்க முடிஞ்ச மக்யாநாளே போயிட்டாங்க சார், கெழவி மட்டும் ஆடு ஓட்டிக்கிட்டுப் போயிருக்கு, பொழுது சாய வரும்." கெழவி பேரு மட்டும் எழுதுவோம். ரேஷன் கார்டுல ஆறு பேரு இருக்கும், வாக்காளர் பட்டியல்ல நாலு பேரு இருக்கும், எங்க ஃபாரத்துல ஒண்ணு. மூணும் பொய் இல்ல, மூணும் வேற வேற கேள்விக்கு பதில். அதே கணக்க ஆவணி மாசம் எடுத்தா என்ன வரும், சித்திரைத் திருவிழா அன்னைக்கு எடுத்தா என்ன வரும்னு நான் பல தடவை யோசிச்சதுண்டு, ஊருக்கு ஊர் வேற நம்பர்தான் வரும். 2021ல எடுக்க வேண்டியது கொரோனாவால தள்ளிப் போச்சு, அடுத்ததுக்கு 2027 மார்ச் 1னு குறிச்சிருக்காங்க, மறுபடியும் அதே பிப்ரவரிதான். எங்க பக்கம் ஆள் கம்மின்னு மறுபடியும் வரும், வயசானவங்க பங்கு அதிகமா வரும்னு நெனைக்கிறேன்.

ஆள் கம்மின்னா என்ன நஷ்டம்னு டவுன்ல இருக்கிறவங்களுக்கு சட்டுனு புரியாது. அரசாங்கம் எல்லாத்தையும் தலைய எண்ணித்தான் குடுக்கும். சமவெளியில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம்னு கணக்கு. சதுர கிலோமீட்டருக்கு 700 பேர் இருக்கிற எடத்துல 30,000 பேர்ங்கறது சுமாரா 43 சதுர கிலோமீட்டருக்குள்ள அடங்கிடும், ஆஸ்பத்திரி நடுவுல இருந்தா கடைசி ஊருக்கு நாலு கிலோமீட்டருக்குள்ளதான். ஒரு பேச்சுக்கு 350 பேர்னு வச்சுக்குங்க, அதே 30,000 பேருக்கு 86 சதுர கிலோமீட்டர் வேணும், கடைசி ஊருக்கு அஞ்சு கிலோமீட்டருக்கு மேல ஆயிடும், அதுவும் நேர்கோட்டுல அளந்தா. ரோடு சுத்திப் போறது வேற. ராத்திரி பாம்பு கடிச்சா, பிரசவ வலி வந்தா அந்த ஒண்ணரை கிலோமீட்டர்தான் எல்லாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தூரக் கணக்கு, ஒரு கிலோமீட்டருக்குள்ள தொடக்கப்பள்ளி, மூணு கிலோமீட்டருக்குள்ள நடுநிலைப்பள்ளின்னு, அதனாலதான் எங்க பக்கம் சின்னச் சின்ன ஊர்ல கூட பள்ளிக்கூடம் இருக்கு, ஆனா புள்ளைங்க கம்மி, ரெண்டு வாத்தியார்தான் அஞ்சு வகுப்புக்கும். பஸ்ஸும் இப்படித்தான், காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, 2021லேர்ந்து பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லைன்னு ஆனதுக்கப்புறம் கூலிக்குப் போறவங்களுக்கு நெஜமாவே பெரிய ஒத்தாசை, ஆனா பஸ்ஸு வந்தாத்தானே ஏறறதுக்கு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மாவட்டத்துல ஜனம் கம்மியான எடம் மேக்கால மட்டும் இல்ல. தென்கிழக்கு மூலையில சிதம்பரம் டவுன் தாண்டி கிள்ளை, பிச்சாவரம் பக்கம் போனா வேற மாதிரி ஒரு வெறுமை. இங்க தண்ணி இல்லாததால ஜனம் இல்ல, அங்க தண்ணி இருக்கிறதாலயே ஜனம் இல்ல. பிச்சாவரத்துல சுரபுன்னைக் காடு ஆயிரம் ஹெக்டேருக்கு மேல, அதுல யாரு வீடு கட்டுறது. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவுல இருந்த மணல் திட்டுல எம்.ஜி.ஆர் திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடுன்னு மீனவர் குடியிருப்பு இருந்துச்சு, 2004 டிசம்பர் 26 சுனாமியில அழிஞ்சு போச்சு, மிச்சம் இருந்த ஜனத்தை உள்ளே கொண்டாந்து குடி வச்சாங்க, இப்ப அங்க ஊர் கிடையாது. கிள்ளை பக்கத்துல இருக்கிற இருளர் குடும்பங்க இன்னைக்கும் இடுப்பளவு தண்ணியில எறங்கி கையாலயே துழாவி எறா புடிச்சு பறியில (மீன் கூடை) போடுவாங்க, அவங்களுக்கு அந்தக் காலியான உப்பங்கழிதான் வயல். அதே மாதிரி பழைய கொள்ளிடத்துக்கும் புதுக் கொள்ளிடத்துக்கும் நடுவுல பெராம்பட்டு, கீழகுண்டலப்பாடி, திட்டுக்காட்டூர்னு ஊருங்க இருக்கு, மேட்டூர்ல உபரித் தண்ணி தொறந்தா 2018ல மாதிரி, 2022ல மாதிரி படகுலதான் வெளிய வரணும். எங்க பக்கம் ஏரி ரொம்பலையேன்னு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிற அதே மாவட்டத்துல அவங்க எப்படா தண்ணி வடியும்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க.

நடுவுல இன்னொரு வகையும் உண்டு, முந்திரிக்காடு. பண்ருட்டியிலேர்ந்து விருத்தாசலம் வரைக்கும் செம்மண் மேட்டுல கிலோமீட்டர் கணக்குல முந்திரி, உள்ள வீடே இருக்காது. ஆனா பங்குனி சித்திரையில கொட்டை பொறுக்குற சீசன்ல போனா காடு முழுக்க ஜனம். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல அந்த முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுது, முந்திரி வச்சு பலன் எடுக்க வருஷக்கணக்கா ஆகும், அந்த இடைவெளியில வெளியூர் போன குடும்பம் எத்தனையோ. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்கன்னு வாங்கி மறுபடி வச்சவங்க தோப்பு இப்ப நல்லா தெளிஞ்சிருக்கு.

இப்ப உங்க கடைசி கேள்வி, நிலம் சும்மா தானே கெடக்குன்னு. இல்லைங்க. வேப்பூர்ல வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை கூடும், விடியறதுக்கு முன்னாடியே வெளி மாவட்டத்துலேர்ந்து வியாபாரிங்க வேன் எடுத்துக்கிட்டு வந்துடுவாங்க, தீபாவளி, பக்ரீத் நெருக்கத்துல கால வைக்க எடம் இருக்காது. அந்த ஆடு எல்லாம் எங்க மேஞ்சுதுன்னு நெனைக்கிறீங்க? நீங்க சும்மா கெடக்குன்னு சொன்ன அந்தக் கொல்லியில, அறுத்துப் போட்ட தாள்ல, தண்ணி வத்துன ஏரி உள்வாயில, புறம்போக்குல. நிலம் இல்லாத குடும்பத்துக்கு பத்து ஆடுங்கறது பேங்க் மாதிரி. ரெவின்யூ கணக்குல தரிசுன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவாங்க, அதுல மேய்ச்சல், வெறகு, வேலிக்கு முள்ளு, வேப்பங்கொட்டை பொறுக்குறது ஒண்ணும் வராது. அதனால ஒரு கம்பெனி வந்து நூறு ஏக்கருக்கு கம்பி வேலி போட்டா பட்டாக்காரனுக்கு காசு கெடைக்கும், ஆட்டுக்காரம்மாவுக்கு ஒண்ணும் கெடைக்காது, அவங்க பேரு எந்தப் பத்திரத்துலயும் இல்ல.

வாங்கித்தான் ஆகணும்னா, வெவசாயம் பண்றதுக்குன்னு வாங்குங்க, வேலி போட்டு வச்சிட்டுப் போறதுக்கு வேணாம்ங்கறது என் அபிப்பிராயம். பக்கத்து கொல்லிக்காரங்க கிட்ட போர் எத்தனை அடி, சித்திரை வைகாசியில எத்தனை மணி நேரம் ஓடும்னு கேளுங்க, மழைக்காலத்துல போய் பாத்துட்டு தண்ணி இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. பாதை பத்திரத்துல இருக்கான்னு பாருங்க, எங்க பக்கம் பாதி கொல்லிக்கு இன்னொருத்தர் வரப்பு மேலதான் வழி, அது சொந்தக்காரங்களுக்குள்ள சரிப்படும், வெளியாளுக்கு சரிப்படாது. பழைய ஆவணத்தை எடுத்து பஞ்சமி நிலமான்னு கட்டாயம் பாருங்க, 1892லேர்ந்து பட்டியல் சாதி மக்களுக்குன்னு குடுத்த நிலம் அது, மத்த சாதிக்காரங்களுக்கு விக்க முடியாது, யாரு பேருக்கு எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது, கம்மி வெலைக்கு வருதுன்னா மொதல் சந்தேகம் அதுவா இருக்கணும்.

ஊர் ஊரா ஜனத்தொகை வேணும்னா 2011 கணக்கெடுப்போட மாவட்டக் கையேட்டுல ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் மக்கள்தொகையும் ஹெக்டேர்ல பரப்பும் போட்டிருக்கும், 100 ஹெக்டேர்னா ஒரு சதுர கிலோமீட்டர், நீங்களே வகுத்துப் பாத்துக்கலாம். வேப்பூர், புவனகிரி, ஸ்ரீமுஷ்ணம் தாலுகா எல்லாம் அதுக்கப்புறம் பிரிச்சது, அதனால வேப்பூர் பக்கத்து ஊருங்கள விருத்தாசலம், திட்டக்குடி தாலுகாவுல தேடுங்க. ஒரு வருவாய் கிராமத்துல ரெண்டு மூணு குக்கிராமம் சேந்திருக்கலாம், சிலதுல ஜனத்தொகை பூஜ்யம்னே இருக்கும், அதைப் பாத்து ஊர் அழிஞ்சு போச்சுன்னு நெனச்சிடாதீங்க, சர்வே நம்பர் அந்த கிராமத்துல இருக்கும், உழுறவங்க வீடு பக்கத்து கிராமத்துல இருக்கும்.